சொதியாகிப்போன தொட்டியும் கால்சியம் கணக்கும்

பாளையங்கோட்டை உறுப்பினர்:

கடல் மீன் தொட்டி வைத்து இது மூன்றாவது வருடம். கல், மணல் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். தொட்டி வாங்கிய கடையில் கால்சியத்துக்கு ஒன்று, ஆல்கலினிட்டிக்கு (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு; இதை டிகிரியில் சொல்வார்கள்) ஒன்று என்று இரண்டு பாட்டில் கொடுத்தார்கள். தினமும் காலையில் இதில் 10 மில்லி, அதில் 10 மில்லி, அவ்வளவுதான் என்றார்கள். நானும் பல் தேய்ப்பது போல ஊற்றிக்கொண்டே இருந்தேன். டெஸ்ட் கிட் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது.

அதைத் தின்பதற்குத் தொட்டியில் ஆள் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவே இல்லை. அதிகம் தின்பது சுண்ணாம்பு எலும்பு கட்டும் கல் பவளம்தான்; அது என்னிடம் கிடையாது. 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்றிவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் கிடந்தது என்று யாராவது ஒரு துண்டை நீட்டினாலும் தொடக்கூடாது. இருப்பதெல்லாம் லெதர், மஷ்ரூம் வகை சாஃப்ட் கோரல், நாலைந்து நத்தை, கல்லில் படர்ந்த ஊதாநிறக் கோரலைன் பாசி. எல்லாமே சின்ன வயிறு.

போன சித்திரையில் ஒரு மறுவீட்டு விருந்து. முந்தின நாள்தான் ஏதோ தோன்றி கிட்டைப் பிரித்துப் பார்த்திருந்தேன். ஆல்கலினிட்டி 13 டிகிரி, கால்சியம் 480 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 480 பங்கு. கடல் நீரில் ஏழு டிகிரியும் 410-ம்தான் இருக்கும். அதற்கு மேலும் எனக்கு உறைக்கவில்லை. கிளம்பும் அவசரத்தில் இரண்டு பாட்டிலையும் சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) ஒரே இடத்தில் அடுத்தடுத்து கவிழ்த்துவிட்டேன். வேட்டி கட்டிக்கொண்டு வருவதற்குள் பின்பக்கக் கண்ணாடி தெரியவில்லை. “பாலை யாரு ஊத்துனா?” என்கிறாள் வீட்டில். தேங்காய்ப்பால் சொதி சாப்பிடக் கிளம்பியவனுக்குத் தொட்டியே சொதியாகிவிட்டது.

மறுநாள் பார்த்தால் ஆல்கலினிட்டி 10, கால்சியம் 460. அப்போதுதான் விளங்கியது. இரண்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகக் கட்டும்போது 2.8 டிகிரி குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம் குறையும். பவளம் தன் எலும்பைக் கட்டுவதும் இதே கணக்கில்தான். என் வீட்டில் அதை ரிட்டர்ன் மோட்டார் (சம்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுவது) கட்டிக்கொண்டது. கழற்றினால் ரோட்டர் முழுக்க, வெந்நீர்ப் பானை அடியில் படியுமே, அதே வெள்ளைப் பொறுக்கு. வினிகரில் போட்டதும் நுரைத்துக் கரைந்தது.

சரி, பாட்டில் இரண்டையும் நிறுத்தினேன். இரண்டு வாரம் கழித்து டெஸ்ட் கிட்டில் சொட்டு எண்ணினால் (நிறம் மாற எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி) ஆல்கலினிட்டி மறுபடியும் 13! கால்சியம் பெரிதாக அசையவில்லை. எதையுமே ஊற்றாத தொட்டியில் இது எப்படி ஏறும்?

வள்ளியூர் உறுப்பினர்:

அண்ணாச்சி, ஊற்றாமல் இருந்திருக்க மாட்டீர்கள். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு எதை விடுகிறீர்கள்? இந்த வெயிலுக்கு ஃபேன் வேறு ஓடும். போர் தண்ணீர் என்றால் அதையே ஒரு தடவை சொட்டு எண்ணிப் பாருங்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். அதில் வந்த பைகார்பனேட் தொட்டியிலேயே தங்கிவிடும்.

என் கதை இதைவிட மோசம். “வெத்தலச் சுண்ணாம்ப கரைச்சு ஊத்துல, எல்லாம் கால்சியந்தானே” என்று மாமா சொன்னார். ஒரு டம்ளர் கரைத்து மொத்தமாக ஊற்றினேன். சுண்ணாம்புத் தண்ணீரின் பிஎச் 12-க்கு மேல். மீனெல்லாம் மூலைக்கு ஓடிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் ஆர்.ஓ. தண்ணீரில் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து, தெளிந்ததை மட்டும் ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். மாமாவுக்கு அவ்வளவு பொறுமை ஏது!

பாளையங்கோட்டை உறுப்பினர்:

தாமதமாக எழுதுகிறேன், தம்பி. நீங்கள் சொன்னதுதான். நீலம் மஞ்சளாக மாற 16 சொட்டு பிடித்தது. போர் தண்ணீர் 16 டிகிரி! தினமும் மூன்று லிட்டர் விட்டிருக்கிறேன். மூன்று பதினாறு 48, அதை 200-ஆல் வகுத்தால் நாளுக்குக் கால் டிகிரி, பதினாலு நாளில் மூன்று டிகிரிக்கு மேல். கணக்கு அச்சாக உட்கார்ந்தது.

இப்போது ஆர்.ஓ. தண்ணீர்தான் விடுகிறேன். வாரம் 20 லிட்டர் மாற்றி மாற்றி, மூன்று மாதத்தில் 9-க்கு வந்துவிட்டது. அப்புறம் இரண்டு வாரம் தண்ணீரை மாற்றாமல் விட்டுப் பார்த்தேன். குறைந்தது ஒரே ஒரு டிகிரி. அதை ஈடுகட்ட ஆறு கிராம் சமையல் சோடா போதும், ஒரு தேக்கரண்டி. இதற்குத்தான் இரண்டு வருடம் பாட்டில் பாட்டிலாக வாங்கியிருக்கிறேன்.