சொந்த டிசைனில் சீட்டாட்டச் சிப் செட்: எண்ணிக்கை போடுவது முதல் பெட்டி அடிப்பது வரை, அனுபவப் பகிர்வு

குடமுருட்டி (திருவையாறு)

போக்கர், ரம்மி ஆடும்போது புள்ளிக் கணக்குக்குக் கை மாறும் எண் போட்ட வட்ட வில்லைதான் சிப். சிப் செட் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் படத்தில்தான் இறங்குகிறார்கள். நடுவில் தலையாட்டி பொம்மையா கல்லணையா, ஓரத்துக்கு என்ன கலர் என்று. அதெல்லாம் கடைசி வேலை. வீட்டில் எந்த ஆட்டம் ஓடுகிறது, அதில் எந்த எண் அடிக்கடி கை மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். செட்டின் தலைவிதி அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ரெடிமேட் செட்டுகள் அமெரிக்க கேசினோ வழக்கப்படி வரும்: வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100, ஊதா 500. போக்கருக்கு இது போதும். ஆனால் நம் பக்கம் தீபாவளி, பொங்கலுக்குச் சொந்தபந்தம் கூடினால் போக்கர் இரண்டு மணி நேரம், மிச்ச ராத்திரி முழுக்க ரம்மி. பாயிண்ட் ரம்மியில் ஆட்டத்தை முதலிலேயே விட்டால் (முதல் டிராப்) 20 புள்ளி, நடுவில் விட்டால் (மிடில் டிராப்) 40, முழுசாகத் தோற்றால் (ஃபுல் கவுண்ட்) 80. கையில் 25 எண் போட்ட சிப் இருந்தால் ஒவ்வொரு டிராப்புக்கும் 5 சில்லறை திருப்பித் தர வேண்டும். ஒரு மணி நேரத்தில் 5 எண் போட்ட சிப் எல்லாம் ஒருவரிடமே போய்ச் சேர்ந்துவிடும், அப்புறம் ஆட்டம் சில்லறைக்காக நிற்கும்.

25-ஐ எடுத்துவிட்டு 20 அச்சிடுங்கள். டிராப்புக்கு ஒரு சிப், மிடிலுக்கு இரண்டு, ஃபுல்லுக்கு நாலு. போக்கரில் பிளைண்டை (சீட்டைப் பார்க்கும் முன் இருவர் கட்டாயமாக வைப்பது) 5/10-இல் தொடங்கி 10/20, 20/40 என்று ஏற்றினால் அங்கேயும் ஒரு இடைஞ்சலும் இல்லை.

எண்ணிக்கை இப்படிப் போடலாம். 5 சிப் 12 என்றால் 5 எண் போட்ட சிப் பன்னிரண்டு. போக்கருக்கு 8 பேர், ஆளுக்கு 1000: 5 சிப் 12, 20 சிப் 12, 100 சிப் 7. அதாவது 60 + 240 + 700. மேசைக்கு 96, 96, 56 வேண்டும். ரம்மிக்கு இரண்டு கட்டு, 6 பேர், ஆளுக்கு 500: 1 சிப் 10, 5 சிப் 10, 20 சிப் 12, 100 சிப் 2. மேசைக்கு 60, 60, 72, 12. இரண்டிலும் பெரியதை எடுத்து, மறுபடி வாங்குவோருக்கும் கொஞ்சம் சேர்த்தால் 1 சிப் 60, 5 சிப் 100, 20 சிப் 120, 100 சிப் 80, 500 சிப் 20. மொத்தம் 380. ஒவ்வொன்றிலும் 4 உபரி போட்டால் சரியாக 400. தொலைந்தால் பின்னால் அதே நிறத்தில் அச்சிட்டு வாங்க முடியாது. அடுத்த அச்சில் சாயம் ஒரு சாயல் மாறித்தான் வரும். அதனால் உபரியை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

₹ குறி, ரூபாய் என்ற சொல் இரண்டும் சிப்பில் வேண்டவே வேண்டாம். வெறும் எண் போதும். 1930-ம் வருடத்துத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் சூதாட்டக் கருவி என்று சொல்வதில் சீட்டோடு ஆட்டத்துக்குப் பயன்படும் மற்ற பொருட்களும் அடங்கும். காசு வைக்காமல் புள்ளிக்கு ஆடும் வீட்டில் இருக்கும் சிப், பார்த்தாலே புள்ளிக் கணக்கு என்று தெரிய வேண்டும்.

அரசலாறு (கும்பகோணம்)

குடமுருட்டி சொன்ன 20 கணக்கு அருமை. நான் பொருளைப் பற்றி எழுதுகிறேன்.

சாதாரண அளவு 39 மி.மீ. விட்டம், 3.3 மி.மீ. கனம். 20 சிப் அடுக்கினால் 66 மி.மீ. உயரம். வீட்டுக்கு மூன்று வகை போதும்.

முதல் வகை, நடுவில் இரும்பு வட்டு வைத்த ஏபிஎஸ் பிளாஸ்டிக். 11.5 கிராம், 14 கிராம் என்று எடையைப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். காந்தம் வைத்தால் ஒட்டும். எடை இருந்தால் தரம் என்று நம்பி வாங்குகிறார்கள், அது இரும்பின் எடை மட்டுமே. ஓரம் வழுக்கும், சத்தம் ணங் ணங் என்று வரும். ஆனால் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டும் குழி இருப்பதால் சொந்த டிசைனுக்குச் செலவு குறைந்த வழி இதுதான்.

இரண்டாவது, செராமிக். பீங்கான் இல்லை, ரெசின் கலந்த பிளாஸ்டிக்தான், சுமார் 10 கிராம். சூட்டில் சாயத்தை மேற்பரப்புக்குள் இறக்கி அச்சிடுவதால் நகத்தால் சுரண்டினாலும் படம் போகாது. முகம் முழுக்க, ஓரம் வரைக்கும் படம் போடலாம். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் சிப்பின் வெள்ளையே தெரிய வேண்டும். கறுப்பு, கருநீலம் முழுப் பரப்பாகப் போட்டால் ஓரம் தட்டுப்படும் இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

மூன்றாவது, அச்சில் அழுத்திச் செய்யும் உண்மையான களிமண் கலவைச் சிப். கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். தொப்பி, கைத்தடி முத்திரை போட்ட பால்சன் சிப் இந்த வகைதான். ஆனால் அவர்கள் கேசினோக்களுக்குத்தான் விற்கிறார்கள், வீட்டுக்கு ஆர்டர் எடுப்பதில்லை. கடைகளில் "கிளே" என்று எழுதி விற்பதில் பெரும்பாலும் களிமண்ணே இருக்காது.

என் தீர்ப்பு: தமிழ் எழுத்தோ கோலமோ போடுவதாக இருந்தால் செராமிக். கை இருப்பு குறைவென்றால் ஏபிஎஸ் வாங்கி ஸ்டிக்கர்.

செராமிக்கில் எல்லோரையும் கடிப்பது ஓர அச்சு. ஓரத்துப் பட்டை 122.5 மி.மீ. நீளம், 3.3 மி.மீ. அகலம். முகத்தில் இருக்கும் நிறக்கட்டம் ஓரத்திலும் தொடர்ந்து வர வேண்டும் என்று வரைந்தால், 1 மி.மீ. நகர்ந்தாலும் கட்டம் உடைந்ததுபோல் தெரியும். நகராமல் 400 சிப்பும் வராது. ஓரத்துக்கு ஒரே நிறம் கொடுங்கள், அல்லது முகத்தோடு சேர வேண்டிய தேவையில்லாத மெல்லிய கோடுகளைச் சுற்றிலும் போடுங்கள். அடுக்கில் கண்ணுக்குத் தெரிவது ஓரம்தான். 500 சிப் ஒன்று 5 சிப் அடுக்குக்குள் ஒளிந்திருந்தால் பக்கவாட்டில் பார்த்தே பிடிக்க வேண்டும். நிறத்தோடு கோட்டின் எண்ணிக்கையையும் மாற்றினால், சிவப்பு பச்சை பிரித்தறியாதவர்களுக்கும் உதவும்.

பாமணியாறு (மன்னார்குடி)

தமிழ் எழுத்து பற்றிக் கட்டாயம் பேச வேண்டும், இதில்தான் அதிகம் கெடுகிறது.

டிடிபி கடைகளில் பலரும் இன்னும் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். அந்தக் கோப்பு வேறு கணினிக்குப் போனால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகிவிடும். யூனிகோடில் அடித்தாலும் இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிக்கான கம்போசரை (எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதியை)த் தேர்ந்தெடுக்காவிட்டால் "கொ" என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தில் உட்காரும். அச்சிடுகிறவருக்குத் தமிழ் தெரியாது, அவர் அப்படியே 400 சிப்பிலும் போட்டுவிடுவார். அதனால் எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். கூடவே சரியாகத் தெரியும் பிஎன்ஜி படம் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க அனுப்ப வேண்டும். அவர்கள் திருப்பி அனுப்பும் புரூஃபை (அச்சுக்கு முந்தைய மாதிரியை) எழுத்து எழுத்தாகப் பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்து ஓகே சொல்லாதீர்கள்.

தமிழ் எண்கள் அழகுதான்: ௧, ௫, ௨௰, ௱, ௫௱. ஆனால் ஆட்ட வேகத்தில் ௧ என்பது "க" ஆகத் தெரியும், ௫ என்பது "ரு" ஆகத் தெரியும். பெரியதாக 1, 5, 20, 100, 500 போட்டு, தமிழ் எண்ணை அதன் கீழே சின்னதாக வையுங்கள். எழுத்து உயரம் 2.5 மி.மீ.க்குக் கீழே போனால் "ண", "னை", "ஞ" எல்லாம் அடைத்துக்கொள்ளும். கோடு 0.3 மி.மீ.க்கு மெலிதானால் சாயம் பரவி மங்கும்.

39 மி.மீ. முகத்துக்குப் படத்தை 43 மி.மீ. வட்டமாக வரையுங்கள், வெட்டுப்படும் இடம் போக மிச்சம் நிற்கும். முக்கியமான எழுத்தெல்லாம் 35 மி.மீ. வட்டத்துக்குள் இருக்கட்டும். 300 டிபிஐ குறைந்தபட்சம், கலர் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை முறை).

படத்துக்குச் சிக்குக் கோலம் மாதிரி பொருத்தமானது வேறில்லை. கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் கோலத்தை எடுத்தால் முன்பக்கமும் பின்பக்கமும் கொஞ்சம் திரும்பி அச்சானாலும் தெரியாது. சாமி படம், கோபுரம் வேண்டாம். சிப் தரையில் கிடக்கும், கால் படும், பெரியவர்கள் அந்தச் செட்டைத் தொடவே மாட்டார்கள். திருவாரூர்த் தேரின் சக்கரம், வெற்றிலைக் கொடி, நெற்கதிர், கல்லணை மதகு எல்லாம் வட்டத்துக்கு நன்றாக உட்காரும்.

ஒரு சோதனை: ஐந்து டிசைனையும் நூறு சதவீத அளவில் தாளில் அச்சிட்டு, வெட்டி, ராத்திரி மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில் தரையில் போட்டு நின்றபடி பாருங்கள். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் ஒன்றாகிவிடும். கருநீலமும் கறுப்பும் அப்படியே.

வெட்டாறு (நாகப்பட்டினம்)

ஸ்டிக்கர் வழிக்கு ஃபிளெக்ஸ் கடையில் கொடுக்கலாமா அண்ணே? வினைல் அங்கேயே அடிக்கிறார்கள்.

ஓடம்போக்கி (திருவாரூர்)

ஃபிளெக்ஸ் மெஷின் வேண்டாம் தம்பி. அது தூரத்தில் பார்க்கும் பேனருக்கான அச்சு, 25 மி.மீ. வட்டத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் டிஜிட்டல் பிரஸ் வைத்திருப்பவர்களிடம் 12க்கு 18 அங்குல வினைல் ஸ்டிக்கர் ஷீட், மேலே மேட் லேமினேஷன், பிளாட்டரில் அரை வெட்டு (அடித்தாள் அறுபடாமல் ஸ்டிக்கரை மட்டும் வெட்டுவது) என்று கேளுங்கள். பளபளப்பு லேமினேஷன் போட்டால் விளக்கு வெளிச்சம் பட்டு எண் தெரியாது, சிப்பும் சறுக்கும். காகித ஸ்டிக்கர் ஐப்பசி மழையில் ஓரம் தூக்கிவிடும்.

முதலில் சிப்பின் குழியை வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும். ஒரே பெட்டியில் வந்த சிப்பிலும் வித்தியாசம் இருக்கும், பத்து சிப் அளந்து சின்னதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் அதைவிட 0.5 மி.மீ. சின்னதாக இருக்கட்டும். பெரியதாக இருந்தால் ஓரம் குழிச் சுவரில் ஏறி நிற்கும், அடுக்கும்போது அதுதான் முதலில் பிய்யும்.

25 மி.மீ. ஸ்டிக்கர், நடுவில் 3 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு ஷீட்டில் 10 வரிசைக்கு 15, மொத்தம் 150. 400 சிப்புக்கு இரண்டு பக்கமும் 800. ஒரே மாதிரி 6 ஷீட் அடியுங்கள். ஒவ்வொரு ஷீட்டிலும் 1க்கு 24, 5க்கு 38, 20க்கு 46, 100க்கு 32, 500க்கு 10. மொத்தம் 900 வரும், ஒட்டும்போது கோணலாகிறது, தூசி விழுகிறது என்று கழிய 100 மிச்சம். ஷீட்டுக்கு ஷீட் வேறு வேறாக அடிக்கச் சொன்னால் கலர் மாறும், கணக்கும் குழம்பும்.

பழைய ஸ்டிக்கரை ஹேர் டிரையர் சூட்டில் உரிக்கலாம். பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் ஏபிஎஸ் மேற்பரப்பைக் கரைத்து வெள்ளையாக்கிவிடும். ஸ்டிக்கரை விரலால் எடுத்தால் அடியில் கைரேகை எண்ணெய் படியும், சாமணம் பயன்படுத்துங்கள். நடுவில் வைத்து வெளிப்பக்கமாக அழுத்தினால் காற்றுக் குமிழ் வராது. ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும், வேறு வழியில்லை.

கொள்ளிடக்கரை (சிதம்பரம் பக்கம்)

செராமிக் ஆர்டர் பெரும்பாலும் சீனாவுக்குத்தான் போகும். அவர்கள் நாள்காட்டியைப் பாருங்கள். அக்டோபர் 1 முதல் தேசிய தின விடுமுறை, நம் தீபாவளி நெருங்கும் நேரம். அவர்கள் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், ஆலைகள் முன்னும் பின்னும் மூடியிருக்கும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆடிப்பெருக்கு வாக்கிலேயே புரூஃப் முடிந்திருக்க வேண்டும்.

முழுத் தொகை கட்டுவதற்கு முன் உங்கள் டிசைனிலேயே சாம்பிள் கேளுங்கள், குறைந்தது 20 சிப். வெறும் படத்தை நம்பக் கூடாது. 20 அடுக்கின் உயரத்தை அளந்து 66 மி.மீ.யோடு ஒப்பிடுங்கள். 2 மி.மீ. வித்தியாசம் வந்தால் அரைச் சிப்புக்கு மேல். உயரத்தை ஒப்பிட்டு எண்ணும் வழக்கம் அந்தச் செட்டில் நடக்காது.

400 சிப் 4 கிலோ, பெட்டி தனி. சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, கப்பல் அல்லது விமானக் கட்டணமும் காப்பீடும் சேர்த்த மதிப்புக்குப் போடுவார்கள். அலுமினியப் பெட்டியையும் அங்கிருந்தே வரவழைத்தால் எடையும் இடமும் கூடி அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். சிப் மட்டும் வரட்டும். கூரியர் கேஒய்சி கேட்கும், ஆவணத்தைத் தாமதமில்லாமல் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் சரக்கு அங்கேயே தேங்கும். பில்லில் உண்மையான விலை, "பிளாஸ்டிக் விளையாட்டு டோக்கன்" என்ற விவரம் இருக்கட்டும்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

பெட்டி பற்றி. அலுமினியப் பெட்டியில் கைப்பிடி ரிவெட் முதலில் போகும், உள்ளே இருக்கும் ஃபோம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். இங்கே ஆசாரிகளுக்குப் பஞ்சமில்லை, மரத்தட்டாகச் செய்துகொள்ளலாம். தஞ்சாவூர் வீணைக்கு எடுக்கும் பலா மரமே போதும், நன்றாக உலர்ந்த துண்டாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு தட்டில் 5 பள்ளம், பள்ளத்துக்கு 20 சிப், தட்டுக்கு 100. நாலு தட்டு. பள்ளம் 40.5 மி.மீ. அகலம், 69 மி.மீ. நீளம். 66க்குச் சரியாக வெட்டினால் சிப் சிக்கிக்கொள்ளும். பள்ளம் அரை வட்டமாக, சிப்பின் பாதிக்கும் கீழேயே இருக்க வேண்டும், அப்போதுதான் விரல் விட்டு எடுக்க வரும். உள்ளும் புறமும் ஒரே மாதிரி பாலிஷ் அடிக்கச் சொல்லுங்கள். மேலே மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரம் ஏறித் தட்டு வளையும். வெல்வெட் துணி ஒட்ட வேண்டாம், அதுவும் பூஞ்சைக்கு வீடு.

தரையில் உட்கார்ந்து ஆடுகிற வீடுகளுக்கு: கோரைப்பாய் மேல் சிப் அடுக்கு நிற்காது, கோடு கோடாக இருப்பதால் பத்துக்கு மேல் சாயும். வெறும் மொசைக் தரையில் விழுந்தால் செராமிக் ஓரம் பெயரும். ஜமக்காளத்தை இரட்டையாக மடித்துப் போட்டால் இரண்டும் தீரும்.

அரசலாறு (கும்பகோணம்)

கழுவும் முறையையும் சேர்த்துவிடுகிறேன். முறுக்கு, சீவல், வெற்றிலை கையோடு ஆடும் வீட்டில் ஓரம் சீக்கிரம் பிசுக்காகும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், மிருதுவான பல் துலக்கும் பிரஷ், ஒரு நேரத்தில் இருபது சிப். செராமிக்கைத் தேய்த்ததும் அலசித் துணியில் பரப்பிவிடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய சிப்பை ஊறப் போடக் கூடாது, ஈரத்துணியால் ஓரத்தை மட்டும் துடைத்தால் போதும். களிமண் கலவைச் சிப் யாரிடமாவது இருந்தால், கழுவிய பின் வெளுத்துப் போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு துளி தடவித் துடைத்தால் நிறம் திரும்பும். தேங்காய் எண்ணெய் தடவினால் சிக்கு வாடை அடிக்கும், தூசியும் ஒட்டும். சுண்ணாம்புக் கறை மட்டும் அன்றைக்கே துடைத்துவிட வேண்டும், காய்ந்தால் கோட்டுக்குள் இறங்கிவிடும்.