எக்ஸிமாவும் வறண்ட சருமமும்: எந்த கிரீம் என்பதற்கு முன், எவ்வளவு கிரீம்?

சிறு வயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் எக்ஸிமா (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் அழற்சி) வந்து போய்க்கொண்டிருப்பதால், மாய்ஸ்சரைசர் விஷயத்தில் எனக்குப் பிடிபட்டவற்றை எழுதுகிறேன். எந்த கிரீம் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு பூச வேண்டும் என்று கேட்பவர் குறைவு. என் தோல் மருத்துவர் முதலில் விசாரித்ததோ, ஒரு டப்பா எத்தனை நாளுக்கு வருகிறது என்பதைத்தான். உடல் முழுவதும் வறட்சி உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படலாம் என்று அவர் சொன்னார். 50 கிராம் டியூபை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு, கிரீம் வேலை செய்யவில்லை என்று குறைபடுவதில் பொருளில்லை என்பது அப்போது விளங்கியது.

இவ்வளவு எதற்கு என்றால், எக்ஸிமா உள்ள நம் போன்றவர்களின் தோலின் மேலடுக்கே சற்றுப் பலவீனமானது. அந்த அடுக்கை இறுக்கமாகக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் மாற்றங்களுக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பு உண்டு என்பது 2006 இல் தெரியவந்தது. எக்ஸிமா உள்ள எல்லோருக்கும் அந்த மாற்றம் இருப்பதில்லை என்றாலும், தோலிலிருந்து நீர் வெளியேறுவதும், சோப்பு, தூசி போன்றவை உள்ளே நுழைந்து எரிச்சலூட்டுவதும் நம் அனைவருக்கும் பொதுவானவை. ஆகவே அரிப்பு அடங்கித் தோல் தெளிவாக இருக்கும் நாட்களிலும் பூச்சை நிறுத்தக் கூடாது.

எந்த வகை என்ற கேள்விக்கு வருகிறேன். பெட்ரோலியம் ஜெல்லி போன்ற ஆயின்மென்ட்டில் நீர் இல்லாததால் அதைக் கெடாமல் காக்கும் வேதிப்பொருள்கள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை; அதனாலேயே அது வெடித்த தோலிலும் அவ்வளவாக எரிவதில்லை, நீர் வெளியேறுவதையும் நன்றாகத் தடுக்கிறது. ஆனால் பிசுபிசுப்பு அதிகம், உடையெல்லாம் கறையாகும். லோஷன் எளிதில் பரவும், விரைவில் காய்ந்தும் விடும். கிரீம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு 2022 இல் வெளியான ஆய்வில், பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. சலிக்காமல் தினமும் பூச முடிகிற எதுவும் நல்ல கிரீம்தான் என்பது என் முடிவு. நான் பகலில் கிரீமும் இரவில் ஆயின்மென்ட்டும் பயன்படுத்துகிறேன். யூரியா கலந்த கிரீம் தடித்த குதிகாலுக்கு அருமையாக உதவுகிறது. வெடிப்பின் மீதோ சொறிந்த இடத்திலோ பட்டால் கடுமையாக எரியும். வாசனை சேர்த்தவற்றை, விலை எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், நான் தொடுவதில்லை.

குளியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தோல் சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பி.ஹெச். அளவு ஏறத்தாழ 5. சாதாரண சோப்புக் கட்டியோ 9, 10 வரை காரத்தன்மை கொண்டது. ஆகவே சோப்புக்குப் பதிலாக நுரைக்காத, மென்மையான கழுவியைப் பயன்படுத்தி, வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் கிரீமைப் பூசிவிடுகிறேன். முடி வளரும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தடவினால் மயிர்க்கால்கள் அடைபட்டுக் கொப்புளம் வருவது குறைகிறது. டப்பாவிலிருந்து எடுப்பதற்குச் சுத்தமான கரண்டி ஒன்றைத் தனியே வைத்திருப்பது நல்லது. விரலை விட்டால் கிருமியும் உள்ளே போய்விடும்.

*

நீங்கள் எழுதியதோடு, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கிரீமைப் பற்றியும் சேர்க்க விரும்புகிறேன், ஐயா. என் மகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே எக்ஸிமா உண்டு. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் மிரண்டார்கள். தோல் மெலிந்துவிடும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வீரியம் மிகுந்த மருந்தை நீண்ட காலம், அதிலும் முகத்தில் பூசினால் அப்படி ஆவது உண்மைதான். ஆனால் முகத்துக்கு மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன், உடலுக்குச் சற்று வலுவானது என்று மருத்துவர் பிரித்துக் கொடுத்ததை அவர் சொன்ன நாட்கள் மட்டும் பூசியதில், அவளுக்கு எந்தக் கேடும் வரவில்லை. அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்குப் போதும். மாய்ஸ்சரைசரையும் ஸ்டீராய்டையும் ஒன்றாகக் குழைத்துப் பூசாமல், இடையில் சிறிது நேரம் விட வேண்டும்.

பின்னர் கண்ணிமையைச் சுற்றிப் பூசுவதற்கு டாக்ரோலிமஸ் என்ற பூச்சு மருந்தைக் கொடுத்தார்கள். அது ஸ்டீராய்டு அல்ல, தோலை மெலியச் செய்வதும் இல்லை. தொடக்கத்தில் சில நாட்கள் எரிகிறது என்று அழுதாள், பிறகு பழகிவிட்டது. இங்குள்ள பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: எக்ஸிமா உள்ள இடத்தில் ஒரே மாதிரியான சின்னஞ்சிறு புண்கள் கூட்டமாகத் தோன்றி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால், அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். கிரீமை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

*

எனக்கு எக்ஸிமா கைகளில் மட்டும்தான். நாளெல்லாம் கை கழுவ வேண்டிய வேலை. ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் கிரீம், இரவில் கெட்டியாக ஆயின்மென்ட் பூசி அதன் மேல் பருத்திக் கையுறை என்ற பழக்கத்தில் விரல் வெடிப்புகள் பெரிதும் அடங்கியிருக்கின்றன. யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பூச்சுகள் ஊறிய உடையிலும் படுக்கை விரிப்பிலும் தீ மிக வேகமாகப் பற்றும். துவைத்தாலும் அந்தப் பிசுக்கு முழுவதும் போவதில்லை. புகைபிடிப்பவர்களும் அடுப்பருகே நிற்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.