‘பொருத்தமற்ற’, ‘தகாத’, ‘முறையற்ற’: எதை எங்கே எழுதுவது?

சொல்தேடி எழுதியது:

ஓர் அமைப்பின் நடத்தை விதிகளையும் உறுப்பினர்களுக்கான கடிதங்களையும் தமிழில் எழுதித் தருவது என் பணி. அண்மையில் நடந்த கூட்டத்தில், நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒன்றைப் பற்றி நெடுநேரம் பேசிய உறுப்பினர் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தில், ‘தாங்கள் பொருத்தமற்ற கருத்துகளை முன்வைத்தீர்கள்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் அச்சொல்லில் அழுத்தம் போதவில்லை என்று கருதி, ‘தகாத கருத்துகளை’ என்று மாற்றினார். இரண்டும் ஒன்றுதானே என்று நானும் விட்டுவிட்டேன். கடிதம் கிடைத்த அன்றே அவர் தொலைபேசியில் அழைத்து, “நான் யாரைப் பார்த்து என்ன தகாததைச் சொன்னேன்? இதை என் பிள்ளைகள் படித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?” என்று கேட்டார். அவர் குரல் தழுதழுத்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் மனம் இன்னும் ஆறவில்லை.

‘தக்க’, ‘தகுந்த’, ‘பொருத்தமான’, ‘உகந்த’ ஆகியவற்றை ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து நாள்தோறும் எழுதுகிறோம். அவற்றின் எதிர்மறைகள் மட்டும் இவ்வளவு விலகி நிற்பது ஏன்? ‘முறையற்ற’, ‘நியாயமற்ற’ என்பவற்றுக்கு உரிய இடம் எது?

ஏட்டுவாசகர் எழுதியது:

‘தகு’ என்னும் வினையடி தொடக்கத்திலிருந்தே இரண்டு பொருள்களைச் சுமந்து வந்திருக்கிறது. குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் ‘தகுதி எனவொன்று நன்றே’ என்று வரும் இடத்தில், பரிமேலழகர் தகுதி என்பதற்கு நடுவுநிலைமை என்றே உரை கொள்கிறார். அங்கே அது முழுக்க அறச்சொல். ஆனால் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் ‘செய்தக்க அல்ல செயக்கெடும்’ என்னும்போது, பேச்சு பாவ புண்ணியத்தைப் பற்றியதன்று. அந்தச் சூழலில் எந்தச் செயல் பலன் தரும் என்பதைப் பற்றியது.

இன்றைய வழக்கில் இந்த இரு பொருள்களும் பங்கு பிரித்துக்கொண்டன என்பது என் கருத்து. ‘தக்க சான்று’, ‘தகுந்த நேரம்’ என்னும் உடன்பாட்டு வடிவங்களில் அறத்தின் சாயல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ‘தகாத’ என்னும் எதிர்மறையிலோ அது அப்படியே தங்கிவிட்டது. ‘தகாத நேரத்தில் வந்தார்’ என்று சொன்னால், வந்த வேளை பிந்தியது என்பதோடு வந்தவரின் நோக்கத்தின் மேலும் ஓர் ஐயம் விழுகிறது. ‘தகாத உறவு’ என்று செய்தித்தாள்கள் இடைவிடாமல் எழுதி எழுதி அந்தச் சாயலை இன்னும் இறுக்கிவிட்டன. அதே அடியிலிருந்து வந்த ‘தகுதியற்றவர்’ என்பதில் இந்தக் கறை இல்லை; வயது ஒரு நாள் குறைந்தாலும் ஒருவர் போட்டிக்குத் தகுதியற்றவர் ஆகிவிடலாம், அதனால் அவர் தவறானவர் ஆகிவிடுவதில்லை. எனவே அந்த உறுப்பினர் கலங்கியதில் மிகை எதுவும் இல்லை. அவர் தமிழைச் சரியாகவே படித்திருக்கிறார்.

மறுபக்கம் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் ‘பொருத்தமற்ற’ என்பது எப்போதும் பழியற்ற சொல் என்று எண்ணிவிட வேண்டாம். அகத்திணைகளுள் ஒன்றான பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்று இலக்கண நூலார் விளக்கும்போது, பொருந்தாமை என்பதே ஒழுக்கத்தின் மேல் சொல்லும் குற்றமாகிவிடுகிறது. எதற்குப் பொருந்தவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால், படிப்பவர் அந்த வெற்றிடத்தைத் தம் அச்சத்தால் நிரப்பிக்கொள்வார். ‘கூட்டத்தின் பொருளுக்குப் பொருந்தாத’ என்று நான்காம் வேற்றுமையோடு எழுதினால் பழி விலகும்.

‘முறை’ என்பது வரிசை. ‘இது என் முறை’ என்பதிலும், ‘அவர் உனக்கு என்ன முறை’ என்பதிலும், அரசனிடம் ‘முறையிடுதல்’ என்பதிலும் இருப்பது அந்த ஒரே எண்ணம்தான்: ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு, அது கலையக் கூடாது. ஆகவே விதிமீறலுக்கு ‘முறையற்ற’ பொருந்தும். ‘நியாயம்’ வேறு வகை; எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம் இருப்பதையே அது குறிக்கிறது. ‘நியாயமான ஆசை’ என்கிறோம், ‘நீதியான ஆசை’ என்று யாரும் சொல்வதில்லை. நீதி தீர்ப்பவரின் சொல். நியாயம் இரு தரப்பாரும் பேசிக்கொள்ளும் சொல். ‘அவர் கேட்டது நியாயம், கேட்ட விதம் முறையில்லை’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடிவதே இவ்விரண்டும் வேறு என்பதற்குச் சான்று.

கோல்நேர் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். செங்கோல், கொடுங்கோல் என்னும் இணையில் ‘கொடு’ என்பதற்கு வளைந்த என்றே பொருள். நேர்மையும் நேர்கோட்டிலிருந்து வந்ததே. இச்சொற்கள் ஆளை அளப்பவை. உங்கள் கடிதமோ ஒரு செயலைப் பற்றியது. ஆகவே ‘நேர்மையற்ற’ என்பதை அதன் பக்கமே அண்டவிட வேண்டாம்.

சொல்தேடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கடிதத்தைத் திரும்பப் பெற்று, ‘தாங்கள் முன்வைத்த கருத்துகள் அன்றைய நிகழ்ச்சிநிரலுக்குப் பொருந்தாதவை, அவற்றை அடுத்த கூட்டத்தில் பேச வாய்ப்புத் தரப்படும்’ என்று மாற்றி எழுதியிருக்கிறேன். முன்பு நாங்கள் எழுதிய சொல் தவறானது என்பதையும் அதிலேயே தெரிவித்திருக்கிறேன். விதித்தொகுப்பில் ‘தகாத’ என்ற சொல் பதினோரு இடங்களில் இருக்கிறது. இன்று முதல் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்குகிறேன்.