ஏலகிரியில் கூடாரம், கடையில் மூன்று மாத ஜி.எஸ்.டி. பாக்கி: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மனைவி, 9 வயது மகள், 5 வயது மகனுடன் ஏலகிரியில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கப் போகிறோம். எங்களுக்கு இதுவே முதல்முறை. குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனைகூட இல்லாமல் உயிரைக் குடித்துவிடும். அப்படியானால் தரையிலிருந்து ஏறும் குளிருக்குக் குழந்தைகளுக்கு அடியில் எதை விரிக்கிறீர்கள்? கோரைப்பாயும் ஜமுக்காளமும் போதுமா? தேள் பயத்துக்காகச் செருப்பை உதறிப் போடப் பழக்கியிருக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

இன்னொன்றுதான் என் நெஞ்சை அழுத்துகிறது. ஆம்பூரில் சிறிய துணிக்கடை வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக ஜி.எஸ்.டி.ஆர்-3பி (மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்குப் படிவம்) தாக்கல் செய்யவில்லை. 20-ஆம் தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, எல்லாம் தெரியும். கட்டப் பணமும் இருக்கிறது. ஆனால் பில் கட்டைத் தொட்டாலே கை பின்வாங்குகிறது. மலைக்குப் போகும் முன் இதை முடித்தாக வேண்டும். அங்கே என் கவனம் முழுவதும் பிள்ளைகள் மீதுதான் இருக்க வேண்டும். இப்படித் தேங்கிப்போய் மீண்டவர்கள் முதல் நாள் எதில் கை வைத்தீர்கள்? விற்பனை பில்லிலா, கொள்முதலிலா?