குறைந்த செலவில் பழைய சிவிக்கின் சைலன்சர் சத்தத்தை நல்லதாக்கலாமா? (திருகோணமலை)

உவர்மலை98 எழுதியது:

வணக்கம். மாமா வெளிநாடு போகும்போது தன்னுடைய 1998 ஹொண்டா சிவிக்கை எனக்கு விட்டுவிட்டுப் போனார். ஈகே3, டி15பி எஞ்சின், மனுவல் கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு கார் விலை ஏறின ஏற்றத்தைப் பார்த்து, இனி நமக்கெங்கே கார் என்று இருந்தவன் நான். அதனால் இதில் கை வைக்கப் பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது.

ஊரை எழுப்புகிற சத்தம் எனக்கு வேண்டாம். முடுக்கும்போது அடித்தொண்டையில் இருந்து வருகிற மாதிரி கனமாக ஒரு சத்தம், சும்மா ஓடும்போது அமைதி, அவ்வளவுதான். விடிய ஐந்தரைக்குச் சீனக்குடாவுக்கு வேலைக்குப் புறப்படுகிறேன், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஒரு மாதமாக, ஸ்டார்ட் பண்ணினால் தகரம் அதிருகிற மாதிரி ஒரு சத்தமும் வருகிறது.

சைலன்சர் வேலை செய்கிற ஓரிடத்தில் கேட்டேன். நடுவில் இருக்கிற சின்னப் பெட்டியை வெட்டி எடுத்துவிட்டு, முன்னிருந்து பின்வரை இரண்டரை அங்குலப் பைப் இழுத்து, கடைசியில் ஒரு வட்டச் சைலன்சர் வைத்தால் போதும் என்றார்கள். புகையைச் சுத்தமாக்குகிற கட்டலிட்டிக் கன்வேர்ட்டரையும் எடுத்தால் இழுவை கூடுமாம். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் இப்போதைக்கு முடியாது. இதைச் செய்யலாமா, அல்லது வேறு வழி இருக்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்கட்டை எழுதியது:

தம்பி, காசை அப்படியே வைத்துவிட்டு முதலில் காருக்குக் கீழே போய்ப் பாருங்கள். ஒரு மாதமாகத் தகரச் சத்தம் என்றால் எங்கேயோ கழன்றிருக்கிறது, அல்லது ஓட்டை விழுந்திருக்கிறது. அதைத் திருத்தாமல் எவ்வளவு நல்ல சைலன்சர் போட்டாலும் சத்தம் கேவலமாகத்தான் இருக்கும்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒருவர் தடித்த ஈரத்துணியால் பின்பைப்பைச் சில விநாடி பொத்திப் பிடிக்க, மற்றவர் முன்னால் இருந்து காது கொடுத்துக்கொண்டே பின்னுக்கு வர வேண்டும். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் புஸ் என்று காற்றுப் போகிறது தெளிவாகக் கேட்கும். பைப்புகள் சேருகிற பூட்டுகளைச் சுற்றிக் கறுப்பாகக் கரி படிந்திருந்தால் அங்கே இடையில் வைக்கிற கஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம், ஸ்டாண்ட் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிட்ட பிறகு எல்லாவற்றையும் கையால் தட்டிப் பாருங்கள், பைப்புக்கு மேலே இருக்கிற வெப்பத்தகடு துருப்பிடித்துக் கழன்றால் நீங்கள் சொல்கிற அதே சத்தம்தான் வரும், ஒரு ஸ்டெயின்லெஸ் கிளிப் போட்டு இறுக்கினால் சரி. தொங்குகிற றப்பர்களையும் பாருங்கள், இந்த வயதுக் காரில் அவை கல்லு மாதிரி இறுகியிருக்கும், பைப் காரின் அடியில் முட்டி ஆடும்.

இனி அந்த நடுப்பெட்டி. அதை ரெசனேட்டர் என்பார்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் வருகிற அந்தக் கிறீச்சென்ற, காதைக் கீறுகிற சத்தத்தைக் குறைக்கிறது அதுதான். நீங்கள் கேட்கிற கனமான சத்தம் வேண்டுமென்றால் அதைக் கட்டாயம் விட்டு வைக்க வேண்டும், உங்களுக்குச் சொல்லியிருப்பது நேர் எதிரான வேலை. மாற்ற வேண்டியது கடைசிச் சைலன்சரை மட்டும். ஒறிஜினல் சைலன்சருக்குள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நேர்க்குழாய்ச் சைலன்சரில் நடுவே துளை போட்ட குழாய் ஒன்று நேராகப் போகும், அதைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்திருக்கும். நார் மெல்லிய உயர்ந்த சத்தத்தைக் குடித்துவிடும், தடித்த சத்தம் வெளியே வரும். குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது, 16, 18 அங்குல உடம்பு உள்ளதாகத் தேடுங்கள். பார்க்க வடிவான ஒரு சாண் குழல்கள் எல்லாம் குடத்துக்குள் கத்துகிற மாதிரிக் கத்தும்.

பைப் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். 1493 சிசி எஞ்சினுக்கு இரண்டரை போட்டால் புகை வெளியேறுகிற வேகம் விழுந்து, கீழ்ச்சுற்றில் இழுவை குறையலாம். உவர்மலை ஏற்றத்திலேயே உங்களுக்குத் தெரியவரும்.

கந்தளாய்ரோட்டு எழுதியது:

மூன்றாம்கட்டை அண்ணா சொல்வதை அப்படியே கேளுங்கள். நான் கேட்கவில்லை, அந்தக் கதையைச் சொல்கிறேன்.

என்னுடையது லான்சர் சீகே2. உங்களுக்குச் சொன்ன அதே வேலையைத்தான் செய்வித்தேன், நடுப்பெட்டி போனது, பெரிய பைப் வந்தது. டவுனுக்குள் ஓடும்போது நன்றாகத்தான் இருந்தது, இரண்டு நாள் சந்தோசமாக நிலாவெளி வரைக்கும் போய் வந்தேன். பிறகு குடும்பத்தோடு கொழும்புக்குப் புறப்பட்டோம். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் நேர் ரோட்டில் 2700 சுற்றில் வைத்து ஓடினால் காருக்குள்ளே ஊம்... என்று ஒரே ரீங்காரம். வெளியே நிற்கிறவருக்கு அது பெரிதாகக் கேட்காது, உள்ளே இருக்கிறவருக்குத் தலைக்குள்ளே கேட்கும். மகள் வாந்தி எடுத்தாள், மனைவி தம்புள்ளை வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

வந்து தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது. 2700 சுற்று என்றால் நிமிடத்துக்கு 5400 வெடிப்பு, விநாடிக்கு 90. அந்த 90 ஹேர்ட்ஸ் அதிர்வும் காரின் உள்வெளியும் ஒத்துப்போனால் முழுக் காரும் மத்தளம் மாதிரி ஆகிவிடும். இதற்கு மருந்தாக நான் போட்டது ஒரு முட்டுக்குழாய். பிரதான பைப்பின் பக்கத்தில் ஒரு கிளை வைத்து, மறுமுனையை மூடிவிடுவது. உள்ளே போன சத்தம் மூடியில் பட்டுத் திரும்பி வந்து, அந்த ஒரு அதிர்வை மட்டும் வெட்டும். நீளம் அந்த அலையின் நான்கில் ஒரு பங்கு. சூடான புகைக்குள் ஒலி விநாடிக்குக் கிட்டத்தட்ட 450 மீற்றர் போகிறது என்று எடுத்தால், 450ஐ 90ஆல் பிரித்துப் பிறகு 4ஆல் பிரிக்க, 1.25 மீற்றர். கொஞ்சம் நீளமாகவே வெட்டி வைத்து, ஓடிப் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். எனக்கு ரீங்காரம் நன்றாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. பெட்டியை வெட்டாமல் விட்டிருந்தால் இந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, நீங்கள் கொடுக்கிற காசுக்கு எந்தப் பைப் போடுகிறார்கள் என்று நின்று பாருங்கள். எனக்குத் தண்ணிக்குப் போடுகிற, நாகம் (துத்தநாகம்) பூசிய ஜீ.ஐ. பைப்பைப் போட்டுவிட்டார்கள். பளபளப்பாக இருந்ததால் ஸ்டெயின்லெஸ் என்று நம்பினேன். அந்த நாகப்பூச்சை வெல்டிங் பண்ணும்போது வருகிற வெள்ளைப் புகை பண்ணுகிறவருக்கே காய்ச்சல் வரவைக்கும், பாவம் அந்தப் பெடியன் முகமூடியும் போடாமல் நின்றான். வெல்ட் பண்ணின இடமெல்லாம் பூச்சு எரிந்து, மாரி முடிய முன்னமே துரு.

உப்புக்காற்று எழுதியது:

நான் உலோக வேலையோடு சம்பந்தப்பட்டவள், பதினைந்து வருடமாக உப்புவெளியில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், அதனால் துருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் சைலன்சர் இரண்டு பக்கத்தாலும் அரிக்கும். வெளியே உப்புக்காற்று. உள்ளே தண்ணீர். பெற்றோல் எரிந்தால் நீராவி வரும், எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். உங்களைப் போல உவர்மலையில் இருந்து சீனக்குடா வரை பத்துக் கிலோமீற்றருக்குள் ஓடி நிறுத்தினால் கடைசிச் சைலன்சர் முழுதாகச் சூடேறாது, தண்ணீர் உள்ளேயே தேங்கி, வெளியே ஒரு பொட்டுத் துருக்கூடத் தெரியாமல் உள்ளிருந்து தின்னும். பழைய சைலன்சரைக் கழற்றினால் ஆட்டிப் பாருங்கள், உள்ளே கலகல என்று துருத்தூள் கேட்டால் அது முடிந்துவிட்டது. வாரத்தில் ஒரு தடவையாவது அரை மணித்தியாலம் தொடர்ந்து ஓடுங்கள், நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போய் வந்தால் போதும்.

304 தர ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் அதையே எடுங்கள். 409 என்று இன்னொன்று உண்டு, கார்க் கம்பனிகள் அதிகம் பாவிப்பது, சாதாரண இரும்பை விட எவ்வளவோ மேல், ஆனால் வெளிப்பக்கம் துரு நிறம் ஏறும். கடைக்கு ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். 304இல் காந்தம் ஒட்டாது, வளைத்த இடத்திலும் வெல்ட் பண்ணின இடத்திலும் இலேசாக இழுக்கலாம். 409இல் நன்றாகவே ஒட்டும். 45,000க்குள் முழுப் பைப்பையும் 304இல் போட நினைக்காமல், சைலன்சரையும் அதற்கு முன்னால் உள்ள துண்டுப் பைப்பையும் மட்டும் நல்லதாகப் போடுங்கள்.

வெல்டிங் தொடங்க முன் பற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள், ஏர்த் கிளிப்பை வெல்ட் பண்ணுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற ஈசியூ கணினிக்கு ஆபத்து. பின்பைப் பம்பரைத் தாண்டி வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். உள்ளுக்குள்ளே முடிந்தால் புகை காருக்குள் ஏறும், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, வீட்டில் பிள்ளைகள் ஏறுகிற கார்.

கட்டலிட்டிக் கன்வேர்ட்டரைத் தொடவே வேண்டாம். ஆண்டுதோறும் ரெவினியூ லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், கன்வேர்ட்டர் இல்லாமல் போனால் அங்கே மாட்டக்கூடும். உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் எல்லாம் இருக்கிறது, பழையதற்கே நல்ல விலை. கழற்றித் தாருங்கள் என்று ஒருவர் ஆர்வமாகக் கேட்டால் அதையும் யோசியுங்கள்.

டொக்யார்ட்வீதி எழுதியது:

எனக்குக் கார் வேலை தெரியாது. வீட்டில் இதய நோயாளியான அப்பா இருக்கிறார். இரவு பதினொரு மணிக்கு ஒரு சைலன்சர் வெடித்துக்கொண்டு போனால் அவர் எழும்பி உட்கார்ந்துவிடுவார், பிறகு விடியும் வரை நித்திரை இல்லை. கைக்குழந்தையை நினைத்து முதலிலேயே கேட்டீர்கள் பாருங்கள், அதற்காக நன்றி சொல்லத்தான் எழுதினேன். பொலிஸும் இப்போது சத்தக் கார்களை மறிக்கிறது, கவனம்.

உவர்மலை98 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியை வைத்து ஈரத்துணிப் பரிசோதனை செய்தேன். நடுப்பைப் பூட்டில் கஸ்கெட் போய் புஸ் என்று காற்று, சுற்றிவரக் கரி. வெப்பத்தகடு ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. கடைசிச் சைலன்சரைத் தட்டினால் உள்ளே மணல் மாதிரிக் கேட்கிறது, அக்கா சொன்ன துருத்தூள்தான். மூன்று றப்பரில் இரண்டு வெடித்திருக்கிறது.

கஸ்கெட்டும் றப்பரும் மாற்றி, தகட்டுக்குக் கிளிப் போட்டேன். பாதிச் சத்தம் அதிலேயே அடங்கிவிட்டது, கார் எனக்கே புதிதாகத் தெரிகிறது. இனி ரெசனேட்டரையும் கட்டலிட்டிக்கையும் அப்படியே விட்டு, 2 அங்குலத்தில் 18 அங்குல நேர்க்குழாய்ச் சைலன்சர் மட்டும் போடப் போகிறேன். காந்தம் வாங்கிவிட்டேன். பாவித்தது கொழும்புப் பஞ்சிகாவத்தையில் எடுப்பதா, புதிது எடுப்பதா என்பதுதான் மிச்சம்.

மூன்றாம்கட்டை எழுதியது:

புதிது எடுங்கள் தம்பி. பாவித்த நேர்க்குழாயில் நார் ஏற்கனவே எரிந்து குறைந்திருக்கலாம், சீக்கிரமே கத்தத் தொடங்கும். பூட்டி இருநூறு கிலோமீற்றர் ஓடின பிறகு எல்லா நட்டையும் ஒருதரம் இறுக்குங்கள், சூட்டில் தளர்ந்திருக்கும்.