வாடகை கட்டும் நேரத்தில் லாகின் போய்விடுகிறது: ரெடிஸ் செஷன் சந்தேகம்

எச்எஸ்ஆர்_லேஅவுட்:
வணக்கம் மக்களே. பெங்களூரில் பிஜி விடுதிகளுக்கு வாடகை வசூலிக்கும் தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். பிஎச்பி, வருகிறவர்களைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர், செஷன் (லாகின் செய்தவர் யார் என்ற பதிவு) எல்லாம் ரெடிஸில் (மெமரியிலேயே தரவை வைக்கும் டேட்டாபேஸ்). மாதம் முழுக்க ஒழுங்காக ஓடும். 1ஆம் தேதி பிறந்தால் போதும், பணம் கட்டப் போகிறவரை மறுபடி லாகின் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. செஷன் கெடு 24 நிமிடம், ஆனால் ஐந்தே நிமிடத்தில் வெளியே தள்ளுகிறது. எரர் லாகில் ஒன்றுமே இல்லை. ஓனர்கள் கன்னடத்தில் திட்டுவது இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது.

சர்வர்_சாமி:
24 நிமிடம் என்பது பிஎச்பி இயல்பாகவே வைத்திருக்கும் 1440 விநாடி. சிக்கல் அங்கே இல்லை. அதே ரெடிஸில் கேஷும் (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்) இருக்கிறதா? ‘இன்ஃபோ ஸ்டாட்ஸ்’ அடித்து ‘எவிக்டட் கீஸ்’ எண்ணை, அதாவது மெமரி போதாமல் ரெடிஸ் தூக்கிய கீகளின் (பதிவுகளின்) கணக்கைப் பாருங்கள். மேக்ஸ்மெமரி பாலிசி (மெமரி வரம்பைத் தொட்டால் எதைத் தூக்குவது என்ற விதி) என்னவென்றும் சொல்லுங்கள்.

எச்எஸ்ஆர்_லேஅவுட்:
கேஷும் அதில்தான். ஆனால் கேஷுக்கு டேட்டாபேஸ் 0, செஷனுக்கு 1 என்று பிரித்திருக்கிறார்கள். பாலிசி ஆல்கீஸ்-எல்ஆர்யூ. எவிக்டட் கீஸ் பார்க்கப் பார்க்க ஏறுகிறது.

சர்வர்_சாமி:
அப்போ அதுதான். எண் போட்டுப் பிரித்தாலும் மெமரி வரம்பும் பாலிசியும் இன்ஸ்டன்ஸ் (தனியாக ஓடும் ஒரு ரெடிஸ்) முழுக்க ஒன்றுதான். 1ஆம் தேதி கூட்டத்தில் கேஷ் ஊதிப்போய் வரம்பைத் தொட்டதும், ரெடிஸ் சில கீகளைக் குத்துமதிப்பாக எடுத்துப் பார்த்து, ரொம்ப நேரம் தொடாததைத் தூக்கிவிடும். ஓடிபிக்காகக் காத்திருப்பவரின் செஷனை அந்நேரம் யாரும் தொடுவதில்லையே! கெடு முடியாவிட்டாலும் அது போய்விடும். ரெடிஸுக்கு இது தவறே இல்லை, அதனால்தான் லாகில் எதுவும் வரவில்லை.

எச்எஸ்ஆர்_லேஅவுட்:
வோலட்டைல்-எல்ஆர்யூ என்று மாற்றினால் போதுமா?

சர்வர்_சாமி:
வேண்டவே வேண்டாம். அது கெடு வைத்த கீகளை மட்டும்தான் தூக்கும். உங்கள் செஷன் எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. கெடு இல்லாத கேஷ் கீ இருந்தால் அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். செஷனுக்கு 6380 போர்ட்டில் தனி இன்ஸ்டன்ஸ் ஏற்றி, நோஎவிக்‌ஷன் போடுங்கள். அது எதையும் தூக்காது; மெமரி நிறைந்தால் எழுதும்போது எரர் வரும், உங்களுக்கும் தெரியும். எழுதுவதை டிஸ்க்கிலும் பதிந்துவைக்கும் ஏஓஎஃப்-ஐயும் போட்டுவிடுங்கள், ரீஸ்டார்ட் ஆனால் எல்லோரும் வெளியேற வேண்டியிருக்காது.

இரவு_ஷிஃப்ட்:
புது கோடை ஏற்றும் டெப்ளாய் ஸ்கிரிப்டையும் ஒரு பார்வை பாருங்கள். கேஷைக் காலி செய்ய ஃப்ளஷ்ஆல் போட்டிருந்தால், அந்த இன்ஸ்டன்ஸில் எல்லா டேட்டாபேஸும் துடைத்துப்போகும். ஃப்ளஷ்டிபி என்றால் அந்த ஒன்று மட்டும்.

எச்எஸ்ஆர்_லேஅவுட்:
ஃப்ளஷ்ஆல்தான் இருக்கிறது! மாற்றிவிட்டேன். 6380-உம் எழுந்துவிட்டது. ராத்திரி ஆள் குறைந்ததும் மாற்றுகிறேன், உள்ளே இருப்பவர்கள் ஒருமுறை லாகின் செய்துகொள்ளட்டும். 1ஆம் தேதி தாண்டியதும் வந்து சொல்கிறேன்.