குமாசி ராஜசபைப் படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டலாமா?

கேள்வி (பரண்மேல்பூனை):
லண்டனில் இருக்கிறேன். பழைய அச்சுப்படங்கள் விற்கும் ஒரு கடையில் போன மாதம் இரண்டு பிரதிகள் வாங்கினேன், இரண்டுமே கானாவின் குமாசி நகரம், அசாந்தி மன்னர் சபை. முதலாவது 1817-ல் நடந்த யாம் கிழங்குத் திருவிழா: நல்ல நீளமான வண்ணப்படம், எங்கே பார்த்தாலும் பெரிய பெரிய குடைகள், கூட்டம், நடுவே மன்னர். இரண்டாவது 1896-ல் லண்டன் பத்திரிகைகளுக்காக வரைந்த கறுப்பு வெள்ளைப் படம்: மன்னர் பிரெம்பேவும் அவர் அம்மாவும் வெள்ளைக்காரக் கவர்னரின் காலடியில் கிடக்கிறார்கள். இரண்டையும் ஜோடியாகச் சட்டம் போட்டுச் சோபாவுக்கு மேலே மாட்டிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட வந்தார், சொந்த ஊர் குமாசியாம். முதல் படத்தைப் பார்த்துச் சிரித்தவர், இரண்டாவதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கழற்றிவிடவா? வீட்டுக்காரியோ "வரலாறுதானே, இருக்கட்டும்" என்கிறாள்.

பதில் 1 (பழையபேப்பர்):
நண்பரே, இரண்டும் ஒரே ஊர்தான், ஆனால் ஒரே ஜாதிப் படம் இல்லை. முதல் படத்தை வரைந்த பௌடிச் ஆப்பிரிக்காவில் வணிகம் செய்த பிரிட்டிஷ் கம்பெனியின் உத்தியோகஸ்தர், 1817-ல் கடற்கரையிலிருந்த பிரிட்டிஷாரின் கேப் கோஸ்ட் கோட்டையிலிருந்து குமாசிக்குத் தூது போன குழுவில் ஒருவர். அன்றைக்குக் கை ஓங்கியிருந்தது அசாந்தி மன்னர் ஒசெய் பொன்சுவுக்கு. கோட்டை நின்ற மண்ணுக்கு பிரிட்டிஷார் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த வாடகைச் சீட்டு யாருக்குச் சேர வேண்டும் என்பதும் அந்தத் தூதில் ஒரு பெரிய வழக்கு! ஊருக்குள் நுழைந்ததும் பௌடிச் வாய் பிளந்துதான் நின்றிருக்கிறார். ஒவ்வொரு குடையின் கீழும் முப்பது பேர் நிற்கலாம் என்று எழுதியிருக்கிறார். தூக்குபவர்கள் அவற்றை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வருவார்களாம், நம் ஊர்த் திருவிழாவில் கோயில் குடை ஆடுகிற மாதிரி. குடை உச்சியில் பிறை, யானை, கூழைக்கடா, வாள் என்று பொன்னில் செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பிரதியில் குடைகளின் உச்சியை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அதற்காக அவர் புத்தகம் சுத்தம் என்று சொல்லவில்லை. அதே திருவிழாவில் நடந்த நரபலியையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், பின்னாளில் படையெடுப்புக்கு நியாயம் தேடியவர்களுக்கு அந்த மாதிரிக் கதைகள் ரொம்ப வசதியாகப் போயின. 1874-ல் பிரிட்டிஷ் தளபதி உல்ஸ்லியின் படை குமாசி அரண்மனையைச் சூறையாடிவிட்டு வெடிவைத்துத் தகர்த்தது.

பதில் 2 (திண்ணைவாசி):
எல்லாவற்றுக்கும் மனம் புண்பட்டால் வீட்டில் காலண்டர்கூட மாட்ட முடியாது. படம் படம்தான். விட்டுத்தள்ளுங்கள்.

பதில் 3 (மாலைநேரத்துடீ):
திண்ணைவாசி அண்ணே, திப்புவின் இரண்டு பையன்களைப் பிணையாகக் கார்ன்வாலிஸ் வாங்குகிற காட்சியை ராபர்ட் ஹோம் வரைந்திருக்கிறார், அதை உங்கள் கூடத்தில் மாட்டி வைப்பீர்களா? அதே கணக்குதான் இது. 1896 ஜனவரி 20 அன்று பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி மேடையாக்கி அதன்மேல் கவர்னர் மாக்ஸ்வெல் உட்கார்ந்திருந்தார். பிரெம்பே சண்டையே போடவில்லை, ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஊரை விட்டுக்கொடுத்தவர். அவரையும் பெற்ற தாயையும் எல்லோர் முன்னாலும் காலைப் பிடிக்க வைத்து, ஐம்பதாயிரம் அவுன்ஸ் தங்கம் கேட்டு, இல்லை என்றதும் அங்கேயே கைது செய்தார்கள். நாடுகடத்தியது முதலில் சியரா லியோனுக்கு, அப்புறம் செஷல்ஸ் தீவுக்கு. ஊர் திரும்பும்போது வருஷம் 1924, அம்மா செஷல்ஸிலேயே இறந்துவிட்டார். லண்டன்காரன் காலை டீயோடு பார்த்துச் சந்தோஷப்படுவதற்காகவே அச்சடித்த படம் அது. உங்கள் விருந்தாளிக்கு அது கொள்ளுப்பாட்டி காலத்துச் சங்கதி. அதை சோபாவுக்கு மேலே மாட்டினால் நீங்கள் என்ன நினைத்து மாட்டினீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். புத்தக அலமாரிப் பக்கம், அது என்ன படம் என்று கீழே நாலு வரி எழுதி வைத்தால் வேறு விஷயம். ஜோடியாக மட்டும் வேண்டாம், அந்தப் பக்கம் ராஜா, இந்தப் பக்கம் கைதி என்று கதை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. குமாசியில் இன்றைக்கும் மன்னர் இருக்கிறார், அதே மாதிரிக் குடையின் கீழ்தான் வெளியே வருகிறார். 2024-ல் பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் 32 அசாந்திப் பொருட்களைக் குமாசியின் மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பின. திருப்பித் தரவில்லை, கடனாக!

பரண்மேல்பூனை:
1896-ஐக் கழற்றி என் மேஜை டிராயரில் வைத்துவிட்டேன், குறிப்பு எழுதியதும் அலமாரிப் பக்கம் போகும். நேற்று பக்கத்து வீட்டுக்காரர் பார்சல் ஒன்றைக் கொடுக்க வந்தார், சுவரில் ஆணி மட்டும் இருப்பதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. லென்ஸைக் கையில் கொடுத்தேன். குடை உச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கால் மணிநேரம் நின்றார். வீட்டுக்காரி போட்ட டீ ஆறிப்போய்விட்டது.